கரண்டி பிடித்த கை

லண்டன் அச்சுக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய புதிய கேலிச்சித்திரத்தைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அதில் பானை வயிற்றுக்காரர் ஒருவர் மேலெல்லாம் சிந்தியபடி சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

கடைக்குள் வந்த மிஸஸ் ஹஸ்கின் மட்டும் சிரிக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி பென்சில்ல ஒண்ணு போட்டிருப்பீங்களே, அது வேணும்" என்றாள் ஓவியர் கிரேக்கிடம்.

"அந்தக் கிறுக்கலா? அடுப்பு பத்தவைக்க வெச்சிருக்கேம்மா. இந்த வண்ண அச்சை வாங்கிக்குங்க, ஜோரா இருக்கும்."

"இதுல வலது கையால குடிக்கிறாரே."

"செம்புத் தகட்டுல வரைஞ்சு அச்செடுத்தா இடது வலதா மாறிடும். போன வருஷம் சாப்பாட்டுக்கடையில பார்த்தேன், ஆளு இடது கைக்காரன். பக்கத்துல உட்கார்றவங்க பாடு திண்டாட்டம்!"

சிரித்துக்கொண்டே அந்தத் தாளைத் தேடி எடுத்து நீட்டினார். அவள் அதிலிருந்த இடது முழங்கையை விரலால் தடவினாள்.

"திண்டாட்டம்தான். வீட்டுல ஒவ்வொரு வேளையும் இந்த முழங்கை என்னை இடிக்கும். திட்டிக்கிட்டே நான்தான் தள்ளி உட்காருவேன்."

கிரேக்கின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"குளிர்காலத்துல அவர் போய்ச் சேர்ந்துட்டார். நான் இன்னமும் தள்ளித்தான் உட்கார்றேன்."