இளைக்கிற மாத்திரை

"வாலாம்பா, இங்கே கை வெச்சுப் பாரு. மெயில் வண்டி மாதிரி ஓடறது," என்றார் பஞ்சு. ஜமக்காளத்தில் மல்லாந்து கிடந்தபடி மனைவியின் கையை இழுத்துத் தம் மார்பில் வைத்துக்கொண்டார். "இன்னிக்குச் சாயங்காலம் தாண்டாது."

மாதுங்காவில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு இவ்வளவு சத்தமாகச் சாகக் கூடாது. இரண்டாம் மாடியில் அரிசி களைந்துகொண்டிருந்தவர்கள்கூடக் களைவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள்.

விஷயம் இதுதான். ரேஷன் வந்து ஊரே இளைத்துப்போன காலத்தில் பஞ்சு மட்டும் பெருத்தார். வாலாம்பாள் தன் பங்குச் சாதத்தையும் அவர் இலையில் தள்ளினால் பெருக்காமல் என்ன செய்வார்? அந்த வீட்டில் சாதம் அவருக்கு. மிச்சம் மீதி இவளுக்கு. பிள்ளைகள் பாதியில் விட்ட இருமல் மருந்தைக்கூட இவள்தான் குடித்துத் தீர்ப்பாள்.

போன மாதம் ஆபீஸ் நாற்காலி பஞ்சுவைத் தாங்காமல் கால் ஒடிந்தது. வெள்ளைக்காரத் துரை சிரித்தான். மறுநாளே கோட்டைப் பக்கத்து மருந்துக் கடையிலிருந்து இளைக்கிற மாத்திரை ஒரு புட்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

கீழ் வீட்டு டாக்டர் சங்கரன் அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னார். "மாமா, இது வேண்டாம். நாடி எகிறும், கை நடுங்கும், தூக்கம் போயிடும். உங்க மார்பு இதைத் தாங்காது. சாதத்தைப் பாதியாக்கிட்டு கீரை, பயறு, மோர்னு சாப்பிடுங்கோ. தாதர் வரைக்கும் நடங்கோ. மெதுவா இளைச்சாப் போறும்."

"கீரை தின்னு இளைக்க நான் என்ன ஆடா?" என்று பஞ்சு புட்டியை அலமாரியில் பத்திரப்படுத்தினார். கதவுக்குப் பின்னால் வாலாம்பாள் நின்றுகொண்டிருந்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, மாத்திரை வேலை செய்தது. கால்சராய் இடுப்பில் நிற்காமல் வழிந்தது. இலையில் சாதம் குறைந்து கீரை ஏறியதற்கு ரேஷன் கடைக்காரனைத் திட்டினார். மாதுங்கா மார்க்கெட்டை விட்டுவிட்டு, காய் வாங்கத் தினமும் தாதருக்கு நடக்கச் சொன்ன மனைவியைக் கஞ்சப்பிசினாறி என்றார். இளைத்த பெருமையை மட்டும் மாத்திரைக்குக் கொடுத்தார்.

நேற்று, பக்கத்து மேஜை கரீம் பாட்சா ஒரு சேதி சொன்னார். அதே மாத்திரையைத் தின்ற பைதோனி பஜார் வியாபாரி ஒருவர், பேசிக்கொண்டிருக்கும்போதே கல்லாவில் சரிந்துவிட்டாராம். அந்த நிமிஷம் முதல் பஞ்சுவின் மார்பு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் இப்போது. "அந்த மாத்திரை இருக்கே, ஆட்டோட கழுத்துலே ஏதோ சுரப்பியாம். அதை உலர்த்திப் பொடி பண்ணினது. தெரிஞ்சேதான் தின்னேன். உன்கிட்டே மறைச்சுட்டேன்."

வாலாம்பாள் கையில் காபி டபராவும் டம்ளரும் கடகடவென்று அடித்துக்கொண்டன. அவற்றைத் தரையில் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். சொம்பு சொம்பாக வாய் கொப்பளிக்கும் சத்தம் நிற்கவே இல்லை.

ஏகாதசி தவறாத மனுஷி, காதால் கேட்டதற்கே இந்தப் பாடா என்று பஞ்சுவுக்குக் கண் கலங்கியது.

இரண்டாம் மாடிக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? அவர்கள் போய்ச் சொல்ல, டாக்டர் படியேறி ஓடிவந்தார். மணிக்கட்டைப் பிடித்தார், குழாயை மார்பில் வைத்துக் கேட்டார்.

"மார்பு நன்னா இருக்கு, மாமா. பயம்தான் உங்களுக்கு வியாதி. அந்தப் புட்டியைக் காட்டுங்கோ."

ஒரு மாத்திரையை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "யாரு உங்களை ஏமாத்தினா? இது அஜீரணத்துக்குப் போடற சோடா மாத்திரை."

வாலாம்பாள் ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். "அன்னிக்கே நான்தான் மாத்தி வெச்சேன். சொன்னா இவர் கேக்கமாட்டார். அதுலேர்ந்து எனக்கும் ராத்தூக்கம் இல்லை, டாக்டர்."

"அப்போ நான் இளைச்சது?" என்றார் பஞ்சு.

"மாமி போட்ட கீரை. தாதர் நடை. நான் சொன்னதை நீங்க கேக்கலை, உங்க சமையலறை கேட்டுது."

பஞ்சு எழுந்து உட்கார்ந்தார். மெயில் வண்டி எந்த ஸ்டேஷனில் நின்றதோ, மார்பு சத்தம் காட்டாமல் அடங்கிவிட்டது. "அப்போ அந்த ஆட்டுச் சமாசாரம் ஒண்ணுகூட வயித்துக்குள்ளே போகலை," என்று இரண்டு தரம் சொல்லிக்கொண்டார். "டாக்டருக்குக் காபி கொண்டா, வாலாம்பா."

டாக்டர் பையை மூடினார். "பெரிய காரியம் பண்ணினேள், மாமி. அந்த நிஜ மாத்திரையெல்லாம் எங்கே கொட்டினேள்? குழந்தைகள் கையிலே கிடைச்சுடப் போறது."

மார்கழிக் காற்று ஜன்னலில் வீசிக்கொண்டிருக்க, வாலாம்பாள் முந்தானையால் நெற்றி வேர்வையைத் துடைக்கக் கையை உயர்த்தினாள். வளையல்கள் முழங்கை வரை சரிந்தன.

டாக்டரின் சிரிப்பு நின்றது.

"காசு குடுத்து வாங்கினதை யாராவது கொட்டுவாளா?" என்றாள் அவள். "அவர் மார்புக்குத்தானே ஆகாதுன்னேள்?"