முறிந்த ஸ்டட்டுக்கு ஒரு கிரீடம்

காரின் இன்ஜினோடு சைலன்சர் குழாயை இறுக்கிப் பிடித்திருந்த ஸ்டட் என்கிற திருகாணி ஒன்று பாதியில் முறிந்துபோனது. இடுக்கு வழியே புகை கசிந்து, கார் போகிற தெருவெல்லாம் டபடபவென்று கத்தியது.

"நான் இல்லாம இந்த வண்டி ஓடிடுமா?" என்று துருவேறிய மிச்சத் துண்டு ஓட்டையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தது. எண்ணெய் விட்டுப் பார்த்தும் அசையவில்லை.

மெக்கானிக் மரியதாஸ் அதன் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தார்.

"பார்த்தியா தம்பி, எனக்குக் கிரீடம் வைக்கிறாங்க" என்றது துண்டு, பக்கத்து ஸ்டட்டிடம்.

"எதுக்கும் கெட்டியா உட்காருங்கண்ணே."

மரியதாஸ் அந்தக் கிரீடத்திலேயே ஸ்பேனரை மாட்டித் திருகி, துண்டைக் கழற்றிப் போட்டார். புது ஸ்டட் ஏறியதும் கார் சத்தமே இல்லாமல் கிளம்பியது.

குப்பை டப்பாவில் கிடந்த துண்டு பெருமூச்சு விட்டது.

"பாவம், நான் போன துக்கத்துல வண்டிக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு."