கிளிங்கான் வகுப்பின் கடைசி மாணவன்

“தம்பி, இன்னைக்காவது மைக்கைச் சரி பண்ணினியா?” அறைக் கதவைச் சாத்திவிட்டு, கணினியைப் பார்த்துக் கேட்டார் பேராசிரியர்.

பேராசிரியர் என்பது அவரே அவருக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். முப்பத்தொரு வருடம் அலுவலகக் கோப்புகளுக்கு எண் போட்டு ஓய்வு பெற்றவர். இப்போது, விண்வெளிக் கதை ஒன்றுக்காக யாரோ உட்கார்ந்து உண்டாக்கிய கிளிங்கான் மொழிக்கு இணையத்தில் இலவசமாக இலக்கணம் நடத்துகிறார்.

பதினோரு பேரோடு ஆரம்பித்த வகுப்பு. நாலு மாதத்தில் மிஞ்சியது, ‘போர்வீரன்’ என்ற புனைபெயரில் வரும் ஒரே மாணவன்தான். அவனும் போய்விட்டால் சுவரோடுதான் பேச வேண்டும்.

‘மைக் இல்ல சார். டைப் பண்றேன்’ என்று திரையில் பதில் வந்தது.

“சரி. இது வீரர்கள் மொழி தம்பி. வணக்கம், சௌக்கியமா எல்லாம் கிடையாது. எடுத்த எடுப்புலயே ‘என்ன வேணும்?’தான்.”

அவர் வீட்டிலும் ஏறக்குறைய அதே மரபுதான். மனைவி சாப்பாட்டு மேஜையில் “என்ன வேணும்?” என்பாள். அவர் தட்டைப் பார்த்து “உம்” என்பார். அன்றைய உரையாடல் அத்தோடு சரி.

நடுவில் கரண்ட் போய், கால் மணி கழித்து வந்தது. அவர் வகுப்புக்குள் திரும்ப நுழைந்தபோது போர்வீரனும் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தான். வாத்தியார் இல்லாத இடத்தில் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லையே, என்ன குருபக்தி என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“இன்னைக்குக் கடைசிப் பரீட்சை. செயப்படுபொருள் முதல்ல, வினை நடுவுல, எழுவாய் கடைசில. சொந்தமா ஒரு வாக்கியம் எழுது பாப்போம்.”

வெகுநேரம் கழித்து கிளிங்கானில் ஒரு வரி வந்தது. ‘இந்த வீட்டில் என்னோடு யாரும் பேசுவதில்லை’ என்று பொருள்.

“வீரன் எழுதுற வாக்கியமா இது, அழுமூஞ்சி மாதிரி? ஆனா எழுவாய் நிக்க வேண்டிய இடத்துல நிக்குது. பத்துக்குப் பத்து தம்பி.”

கணினியை அணைத்துவிட்டுச் சாப்பிட வந்தார். தட்டு தயாராக இருந்தது. வழக்கமான “என்ன வேணும்?” மட்டும் வரவில்லை. அதைக் கவனிக்காமலே “உம்” என்றார்.

மனைவி கையிலிருந்த போனை மேஜைமேல் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பத்துக்குப் பத்து போட்டீங்க சார். பதில் சொல்லலையே.”