எட்டு டிகிரிக்குள்

முதல் அடியிலேயே வீட்டு ஓனர் சத்யநாராயணனின் மூக்குக்கண்ணாடி இரண்டாக உடைந்து போர் மோட்டார் பக்கம் விழுந்தது.

"ஃபியூஸப் புடுங்கினியா இல்லியாடா?"

பதில் சொல்ல விட்டால்தானே! கீழ்வீட்டில் குடியிருக்கும் டேனியல் கையிலிருந்த ஹெல்மெட்டாலேயே இன்னொன்று வைத்தான். அறுபது வயது மனுஷனின் வாயிலிருந்து ரத்தம் பனியன் முழுக்க வழிந்தது.

மறைமலை நகரில் நைட் ஷிஃப்ட் முடித்துச் சற்றுமுன்தான் கூடுவாஞ்சேரி வீட்டுக்கு வந்தவன், மனைவி ஷீலாவுக்கு இன்றைக்குப் போடவேண்டிய ஊசியை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தான். உள்ளே மருந்துப் பெட்டி மட்டும் இருந்தது. குளிர்ச்சி துளியும் இல்லை. சூடு பட்டால் காட்டிக்கொடுப்பதற்காகப் பெட்டிமேல் ஒட்டியிருந்த வெள்ளைப் பொட்டு சிவந்துபோயிருந்தது.

மார்பில் தொடங்கி முதுகெலும்புவரை பரவிவிட்ட புற்றுக்கு, பெப்டைடு என்று டாக்டர்கள் சொன்ன சோதனை மருந்து அது. எட்டு டிகிரிக்கு மேல் போனால் வெறும் தண்ணீர். வேறு பெட்டி தரமாட்டார்கள். ஒரு ஊசி தவறினாலும் சோதனைப் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு ஊசிக்கும் மூன்று நாள் வாந்தி. தலையணையைக் கடித்துக்கொண்டு அலறுவாள். "போதும்யா, வுட்டுடு" என்று அவள் கெஞ்சும்போதெல்லாம், இன்னும் கொஞ்ச ஊசிதான் என்று தோளை அழுத்திப் பிடித்துக் குத்திவிடுவான். அவள் இல்லாமல் வாழத் தெரியாத பிடிவாதக்காரன்.

கரண்ட் போச்சா என்று கேட்டதற்கு ஷீலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். வோல்டேஜ் பத்தவில்லையென்று மோட்டார் போடும்போதெல்லாம் கீழ்வீட்டு ஃபியூஸைப் பிடுங்குகிற பழக்கம் ஓனருக்கு உண்டு. நேற்று ராத்திரி முழுக்க மாட்ட மறந்திருப்பார் என்று இவனே முடிவுகட்டிவிட்டான்.

ஹெல்மெட்டை மறுபடி ஓங்கினான். எதிர்வீட்டு அஞ்சம்மாள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"ஐயோ, அவரு ஒண்ணும் பண்ணலப்பா! ஃபிரிட்ஜக் கழுவணும்னு ஷீலாதான் நேத்து நீ வேலைக்குப் போனதும் ஆஃப் பண்ணிச்சி. பாலு, மாவு, உன் மீன் கொழம்பு, அல்லாம் எங்க வூட்லதான் கீது."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

கிரில் கதவுக்கு உள்ளே ஷீலா நின்றிருந்தாள். அவன் கண்ணைப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தாள்.