கான்கிரீட்டுக்கு ஒரு வாத்து இறகுப் போர்வை

டென்மார்க்கின் அக்டோபர் காலை. வரலாமா வேண்டாமா என்று வெளிச்சம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. தோவே கம்பளிக் கோட்டோடு வாசலில் நிற்கிறாள். இரவு உறங்கியதும் அதற்குள்தான். அவளுடைய வாத்து இறகுப் போர்வையோ, கார் நிறுத்த அவள் கணவன் கோர்ம் போட்ட புதுக் கான்கிரீட் தரைமேல், பிளாஸ்டிக் தாளுக்கு மேலே சொகுசாகப் படுத்திருக்கிறது. கோர்மின் போர்வை மட்டும் கட்டிலில் பத்திரமாக இருக்கும் சங்கதி தெருவுக்கே தெரியும். "எத்தனை நாளைக்குய்யா இந்தக் கூத்து? சாயங்காலம் அக்கா வரா. எதைப் போத்திக்குவா?" கோர்ம் மண்டியிட்டு, போர்வையை, நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல் தொட்டுப் பார்க்கிறான். "அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்தது, தோவே. குளிர்ல மெதுவாத்தான் இறுகும். சூடு போகாம மூடி வச்சுப் பொறுத்தா நல்ல பலம் ஏறும், விரிசலும் விடாது." "நான் விறைச்சுப்போனா பரவாயில்லையாக்கும்!" அவள் ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறாள்.

எதிர்வீட்டு அக்செல் தன் முற்றத்தில் காபியை உறிஞ்சியபடி சிரிக்கிறான். "என்ன தோவே, பாப்பா இன்னும் எழுந்திரிக்கலையா?" கோடை வெயிலில் அவசரமாகப் போட்ட அவனுடைய சாதாரண கான்கிரீட், காலடியில் வறண்ட ஏரிபோல் பிளந்து கிடக்கிறது. தோவே அதைப் பார்க்கிறாள். பிறகு பிளாஸ்டிக்கை விலக்கித் தன் தரையைப் பார்க்கிறாள். ஈரச் சாம்பல் நிறத்தில், மயிரிழைக் கீறலும் இல்லாமல் வழவழவென்று கிடக்கிறது. உதட்டைக் கடித்தபடி குனிந்து, போர்வையை மறுபடி இழுத்துவிட்டு, ஓரங்களை இறுக்கிச் செருகுகிறாள். "அக்காவுக்கு உன் போர்வையை எடுத்து வை. உனக்குத்தான் கோட்டு இருக்கே."