இரும்புக் கோலம்

“மாமா, அக்கா வர்றதுக்குள்ள இந்தத் தகட்ட எங்கயாவது மறைச்சுடு!”

விஜயராஜ் பதறினான். அவன் அக்கா புருஷன் அரசு அசரவில்லை. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்த தகட்டைப் பழைய லுங்கித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். மாட்டுக் கொட்டகை முழுக்கச் சுட்ட இரும்பு வாடை.

கிருமாம்பாக்கத்தில் கேட் வெல்டிங் செய்பவன் அரசு. வேலை முடிந்து வந்து, மாசக்கணக்காகத் தன் கையாலேயே உருவாக்கியது இந்த பிளாஸ்மா கட்டிங் மேசை. கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்துவிட்டால் போதும், நெருப்பு கக்கும் டார்ச் தானாக ஓடி இரும்பை வெட்டிக் கொடுத்துவிடும். மோட்டார், ஒயரிங் எல்லாம் மச்சான் விஜயராஜின் பொறுப்பு. அவன் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். பாவம், பசு மட்டும்தான் இடத்தைப் பறிகொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் மழையில் நனைந்தது.

நேற்று அரசுவின் மனைவி அனிதா கறாராகச் சொல்லிவிட்டாள். “நாளைக்கு என் கோலத்த ஒழுங்கா வெட்டிக் காட்டுங்க. இல்லன்னா மெஷின் காயலான் கடைக்கு, மாடு கொட்டகைக்கு.”

சொன்னவளேதான் காலையில் யாரும் பார்க்காத நேரத்தில் மெஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் கட்டிவிட்டுப் போயிருந்தாள். அவள் வாய்க்கும் மனசுக்கும் எப்போதுமே அவ்வளவு தூரம்.

வாசலுக்குச் செய்யும் புது கேட்டின் நடுவில் அனிதாவின் சிக்குக் கோலம் வர வேண்டும் என்பது அரசுவின் ஆசை. கோடுகளை மட்டும் விட்டுவிட்டு, இடையில் இருக்கும் தகடெல்லாம் வெட்டுப்பட்டு, மேசைக்கு அடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியில் விழ வேண்டும். அப்படித்தான் விழுந்தது. ஆனால் வலது மூலையில், புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டிய ஒரு கோடு, திரும்பாமல் வால் மாதிரி வெளியே ஓடியிருந்தது.

“எர்த்து சரியில்ல மாமா. டார்ச் பத்துனதும் மோட்டாரு மெரளுது” என்று விஜயராஜ் எர்த் ஒயரை மாற்றினான்.

இன்னொரு தகடு ஏறியது. கம்ப்ரசர் உறுமியது. டார்ச் வளைந்து வளைந்து ஓடி முடித்தது. அதே மூலையில் அதே வால்.

“பெல்ட்டு லூசா இருக்குமோ?”

“பெல்ட்டெல்லாம் நல்லாதான் இருக்குது மச்சான்.”

“இன்னா மாமா நீ? அக்கா நம்ம ரெண்டு பேரையும் சேத்து காயலான் கடைக்கு அனுப்பும். நீ இன்னாடான்னா சிரிக்கிற!”

அதற்குள் அனிதா இடுப்பில் பாப்பாவோடு வந்துவிட்டாள். தகட்டை ஒரு பார்வைதான் பார்த்தாள். முகம் சுருங்கிப் போனது.

“இன்னாங்க இது? என் கோலத்துல எந்தக் காலத்துல கோணல் இருந்துச்சு? போன மார்கழி பூரா, நம்ம வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் பால்காரரே அடுத்த வூட்டுக்குப் போவாரு. இத மாட்டுனா ஊரே சிரிக்கும்!”

“மெஷின் மேல தப்பில்ல அனிதா.”

“அப்ப என் மேலயா தப்பு? நான் போயி மாட்ட அவுத்துக்கிட்டு வரேன்.”

“இரு அக்கா!” விஜயராஜ் இரண்டு தகடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். “ரெண்டுலயும் ஒரே எடம், ஒரே நீளம். மெஷின் கோளாறுன்னா எடம் மாறுமே! படத்துலயே கோணல் இருக்குது.”

லேப்டாப்பில் படத்தைப் பெரிதாக்கினான். இருந்தது.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். படத்த ஒழுங்கா வரையாம இவ்ளோ நேரம் எர்த்து, பெல்ட்டுன்னு வூடு வரைக்கும் கேக்குற மாதிரி கத வுட்டுக்கிட்டு இருந்தீங்களா?” என்றாள் அனிதா. ஆனால் அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. புருஷன் உழைப்பு வீணாகவில்லை என்பதில் அவளுக்கு உள்ளூர நிம்மதி.

“ஒரு நிமிஷம் மாமா. இத நேராக்கிடறேன்” என்று விஜயராஜ் மவுஸைப் பிடித்தான்.

“தொடாத மச்சான்!”

அரசு இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. பாப்பா உதட்டைப் பிதுக்கியது. அவன் சட்டென்று கையை நீட்டி அதன் கன்னத்தைத் தடவினான்.

“நான் எதையும் வரையல அனிதா. நீ வாசல்ல போட்டத போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். அது மேலயே கோடு இழுத்தேன்.”

“நான் போட்டதா? இப்படி அரகொறையா வுட்டுட்டு எழுந்திரிக்கிற ஆளா நானு?”

“நீ எங்க எழுந்திரிச்ச? மாவு டப்பாவ வுட்டுட்டு அப்படியே உக்காந்துட்ட. வண்டி வெச்சு உன்ன கூட்டிக்கிட்டுப் போனோம். மறுநாள் துணி எடுக்க வூட்டுக்கு வந்தா, கோலம் அப்படியே கெடந்துச்சு. மிதிக்க மனசு வரல எனக்கு.”

அனிதா அவனையே பார்த்தாள். தகட்டின் மூலையைப் பார்த்தாள். பாப்பா எட்டி அப்பாவின் மீசையைப் பிடித்துக்கொண்டது.

“நெறமாசத்துல குனியாதன்னா கேட்டியா? அந்த மூலைக்கு வந்தப்பதான் உனக்கு வலி எடுத்துச்சு” என்றான் அரசு. “அந்தக் கோணல்தான் இப்ப உன் இடுப்புல உக்காந்து என் மீசைய இழுக்குது.”

அனிதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் திரும்பினாள். “டேய் விஜி, மாட்டுக்கு வேற கொட்டகை போடணும், நல்ல மூங்கிலா பாரு.”