பின்னிருக்கையில் கலைவாணன்

கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்கு மேலே கைரோபிளேனைக் காற்று ஒருமுறை தூக்கிப் போட்டது.

பூர்ணிமாவின் கை வண்டியைத் திருப்பும் ஸ்டிக்கை இறுக்கிக்கொண்டது.

"ஏங்க, இருக்கீங்களா?" என்று ஹெல்மெட்டுக்குள் இருந்த மைக்கில் கேட்டாள்.

"எங்க போயிடப் போறேன்? சுத்திப் பார்த்துகிட்டுதான் வர்றேன். நீ ஓட்டு."

பின்னிருக்கையிலிருந்து கணவர் கலைவாணனின் குரல் காதுக்குள் கேட்டதும் அவள் விரல்கள் தளர்ந்தன.

போர்பந்தரில் கிளம்பி இது பதினான்காம் நாள். மேற்குக் கடற்கரை நெடுகத் தெற்கே இறங்கி, கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்.

சின்ன வண்டிதான். முன்னால் ஓர் இருக்கை, பின்னால் ஓர் இருக்கை. கதவு கிடையாது, கூரை கிடையாது. முதுகுக்குப் பின்னால் என்ஜின் தள்ளும். தலைக்கு மேலே இருக்கும் நீண்ட இறக்கை எதிர்க்காற்றிலேயே சுழன்று ஆளைத் தூக்கிப் பிடிக்கும். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி வானத்தில் போவது போல இருக்கும்.

லாஸ்பேட்டையில் இருபத்தாறு வருடம் இயற்பியல் டீச்சராக இருந்துவிட்டு, ஐம்பத்தொன்றாம் வயதில் வேலையை விட்டு இதைக் கற்றுக்கொண்டாள் பூர்ணிமா. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கலைவாணன் மட்டும் சிரிக்கவில்லை. வரைபடத்தை விரித்து, எந்த ஊரில் இறங்கலாம், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார்.

பதின்மூன்று நாளும் அவர் தரையில்தான் வந்தார். மெக்கானிக் பிரேம்குமாரும் அவரும் பெட்ரோல் கேன்களோடு காரில். பின்னிருக்கையில் பயணம் செய்தது டூல்ஸ் பெட்டியும் துணிப் பையும்.

கலைவாணனுக்கு உயரம் ஆகாது. கல்யாணமான புதிதில் அவளோடு கலங்கரை விளக்கத்தில் ஏறப் போய், பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டவர். தங்கை துர்கா வீட்டு மூன்றாவது மாடி பால்கனிக்குக்கூடப் போகமாட்டார். காபியை உள்ளே கொண்டுவரச் சொல்லிவிடுவார்.

நேற்று தொண்டியைத் தாண்டும்போது காற்று அவளைத் திடீரென்று கீழே அமுக்கியது. முந்நூறு அடி. எதுவும் செய்ய முடியாத நான்கைந்து நொடிகள். பிறகு வண்டி தானாகவே நிதானத்துக்கு வந்தது. வேதாரண்யத்தில் உப்பளத்தை ஒட்டிய கெட்டித் தரையில் பத்திரமாக இறங்கினாள்.

ஆனால் இன்று காலை ஏற முடியவில்லை. இரண்டு முறை உட்கார்ந்து இரண்டு முறையும் இறங்கிவிட்டாள். கடைசியில் சக்கரத்தின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"என்னால முடியாதுங்க. லாரில ஏத்தி எடுத்துட்டுப் போயிடலாம்."

இன்னும் நூற்று எழுபது கிலோமீட்டர்தான் பாக்கி.

கலைவாணன் பின்னிருக்கையிலிருந்த பெட்டியையும் பையையும் எடுத்துக் காரில் வைத்தார். சாவியைப் பிரேம்குமாரிடம் கொடுத்தார். மிச்சமிருந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நீங்களா?" என்றாள் அவள்.

"நீ முன்னாடி மட்டும் பாரு. நான் சுத்திலும் பார்த்துக்கறேன்."

பிரேம்குமார் பெல்ட்டை இறுக்கியபோது அவர் முகம் வெளிறியிருந்தது. அதை அவள் பார்த்தாள். அதனால்தான் எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

இப்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் அவர் பதில் சொன்னார்.

"பரங்கிப்பேட்டை வந்துடுச்சுங்க."

"ஆமா ஆமா. நல்லா தெரியுது."

கடலூர் தாண்டியதும் கூப்பிட மறந்தே போனாள். தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் ஒரு படகு வெளியே போய்க்கொண்டிருந்தது. நேர்கோடு போட்டது போன்ற தெருக்கள், வெள்ளையும் மஞ்சளுமாகக் கட்டிடங்கள். அவளுடைய ஊர். சத்தமாகச் சிரித்தாள். காதுக்குள் அவரும் சிரித்தார்.

லாஸ்பேட்டை ஓடுபாதையில் சக்கரங்கள் உட்கார்ந்தது கூடத் தெரியவில்லை.

கூட வேலை பார்த்த டீச்சர்கள் ஓடிவந்தார்கள். துர்கா மாலையோடு வந்தாள். உள்ளூர் சேனலிலிருந்து வந்த இனியா என்ற பெண் பூர்ணிமாவின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டினாள். பூர்ணிமா சிரித்தபடி கணவரைக் கைகாட்டினாள்.

மைக் கலைவாணனிடம் போனது.

"மேலேர்ந்து எப்படி சார் இருந்துச்சு?"

அவர் வண்டியின் உடம்பைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அதை ஏன் கேக்கறீங்க. இடது கைப் பக்கம் பூரா கடலு. கண்ணு எட்டுற தூரம் வரைக்கும் ஒரே நீலம். வழியெல்லாம் பார்த்துகிட்டே வந்தேன்."

பூர்ணிமா கையுறையைக் கழற்றுவதை நிறுத்தினாள்.

வேதாரண்யத்திலிருந்து வடக்கே வந்திருந்தார்கள். வழி நெடுகக் கடல் இருந்தது வலது பக்கம். இடது பக்கத்தில் வயலும் சவுக்குத் தோப்பும்தான்.

ஒன்றேகால் மணி நேரம். மனிதர் கண்ணைத் திறக்கவே இல்லை.

துர்காவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "அண்ணா, தெக்கேர்ந்துதானே வந்தீங்க? கடலு எப்படி இடது பக்கம் வரும்?"

கலைவாணனின் காது மடல்கள் சிவந்தன.

பூர்ணிமா போய் அவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். அது ஜில்லென்று வேர்த்திருந்தது.

"இடது பக்கம்தான் துர்கா," என்றாள். "வண்டி ஓட்டுனவ நானு. எனக்குத் தெரியாதா?"